சூட்டிலிருந்து சத்தம்: நானோகுழாய்ப் படலத்தில் முதல் ஒலிப்பானைச் செய்வது எப்படி

கார்பன் நானோகுழாய்களால் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கார்பன் குழாய்கள்) ஆன மெல்லிய படலத்தை மின்முனைகளில் ஒட்டி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டால் முதல் தடவை பெரும்பாலும் ஒன்றுமே கேட்காது. கேட்டாலும் கீச்சென்று, சுருதி தப்பி, பேச்சா பாட்டா என்று தெரியாதபடி கேட்கும். இரண்டுக்கும் காரணம் தெரிந்ததுதான். படலத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

நடப்பது இது: படலத்தில் ஓடும் மின்சாரம் ஏறி இறங்கும்போது அதன் சூடும் ஏறி இறங்குகிறது. தொட்டிருக்கும் காற்று அதே வேகத்தில் விரிந்து சுருங்குகிறது. அதுவே ஒலி. படலம் அசைவதில்லை. ஆகவே வேகமாகச் சூடானால் மட்டும் போதாது, அதே வேகத்தில் ஆறவும் வேண்டும். ஆறவிடாமல் தடுக்கும் எதுவும், அது படலத்தின் சொந்த எடையோ, பின்னால் ஒட்டிய தகடோ, கழுவாமல் விட்ட சோப்போ, ஒலியைத் தின்றுவிடும்.

நாம் செய்யப்போவது 3 சென்டிமீட்டர் சதுரப் படலம், ஐந்து கம்பிகள், சுமார் 60 ஓம் மின்தடை, 24 வோல்ட் மின்வழங்கி. கணக்குகள் எல்லாம் இந்த அளவுக்கே.

1. எந்தப் பொருள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் எண் தூய்மை சதவீதம் அல்ல. ஒரு சதுர மீட்டர் படலம் எத்தனை கிராம் என்பது. கார்பனின் வெப்பக் கொள்திறன், அதாவது ஒரு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பம், கிராமுக்கு ஏறத்தாழ 0.7 ஜூல். எனவே எடை தெரிந்தால் ஒலி தெரியும்.

நானோகுழாய்க் காட்டிலிருந்து (தகட்டின் மேல் செங்குத்தாக, நெருக்கமாக வளர்த்த நானோகுழாய்கள்) இழுத்த ஒற்றை அடுக்குப் படலம் சதுர மீட்டருக்கு 0.01 முதல் 0.03 கிராம்தான் இருக்கும். 2008இல் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட நானோகுழாய் ஒலிப்பானில் படலத்தின் வெப்பக் கொள்திறன் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.0077 ஜூல். 0.7 மைக்ரான் பிளாட்டினத் தகட்டுக்கு இதே அளவு சுமார் 2 ஜூல். இவ்வளவு இலேசான படலத்துக்குக் கேட்கும் அதிர்வெண் முழுவதிலும் எடை ஒரு தடையே அல்ல.

எடை கூடினால் என்ன ஆகும்? 0.1 கிராம் படலம் 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபெல் இழக்கும். பரவாயில்லை. 1 கிராம் படலம் 15 டெசிபெல் இழக்கும். பத்து மைக்ரான் தடிமனில் காகிதம் போல விற்கப்படும் நானோகுழாய்த் தாள் சதுர மீட்டருக்கு 5 கிராம் வரை வரும். அது 28 டெசிபெல் இழக்கும். கையாள எளிது என்பதால் புதியவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்தத் தாளைத்தான். ஒன்றும் கேட்காமல் போவதற்கு முதல் காரணமும் இதுதான். அது நன்றாகச் சூடாகும், ஆனால் பாடாது.

லேசர் வசதி இருப்பவர்களுக்குப் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளைக் கார்பன்டையாக்சைடு லேசரால் கருக்கிக் கிராஃபீனாக்கும் (மெல்லிய கார்பன் அடுக்காக்கும்) வழி உண்டு. படலம் கிழியும் கவலை இல்லை, ஒரு மணி நேரத்தில் கையில் இருக்கும். ஆனால் பின்னால் ஒட்டியிருக்கும் தாள் சூட்டில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கருக்கும்போது வரும் புகை நச்சு. வெளியேற்றும் விசிறி இல்லாமல் தொடவே வேண்டாம். செம்புத் தகட்டில் வளர்த்த ஒற்றை அடுக்குக் கிராஃபீன் எல்லாவற்றையும்விட இலேசு என்றாலும், செம்பை அரித்துப் படலத்தை மாற்றும் வேலையே தனியொரு கலை. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

என் பரிந்துரை: இழுக்கக்கூடிய நானோகுழாய்க் காடு. அது கிடைக்காவிட்டால் வடிகட்டிச் செய்யும் படலம்.

2. ஆர்டர் கொடுக்கும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

மொத்தச் செலவில் பெரிய பங்கு நானோகுழாய்க் காட்டுக்கே போகும். அடுத்தது நல்ல மைக்ரோஃபோன். மற்ற எல்லாம் சாதாரண மின்னணுப் பொருட்கள். ஆகவே இந்த ஒரு கொள்முதலில் அவசரப்படாதீர்கள்.

காட்டை வாங்கும்போது "இழுக்கக்கூடியது" என்று எழுத்தில் இருக்க வேண்டும். செங்குத்தாக வளர்ந்த எல்லாக் காடும் படலமாக இழுபடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே கருப்பு வெல்வெட் போலத்தான் இருக்கும். சான்றிதழில் காட்டின் உயரம், குழாயின் விட்டம், தொகுதி எண், வளர்த்த தேதி ஆகியவை இருக்கிறதா பாருங்கள். பாதுகாப்புத் தரவுத்தாளும் அதே தொகுதியோடு வர வேண்டும். அது இல்லாமல் வரும் பொட்டலம் போக்குவரத்திலோ சுங்கத்திலோ மாட்டிக்கொண்டால் விளக்கம் சொல்லவே வாரங்கள் போய்விடும். ஆய்வகத்தில் வேலை செய்பவர்களானால் அங்குள்ள பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

எவ்வளவு வாங்குவது? மிகக் கொஞ்சம். 245 மைக்ரான் உயரக் காட்டில் 1 சென்டிமீட்டர் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர் படலமாக இழுபடும் என்று 2005இலேயே காட்டிவிட்டார்கள். நமக்கு வேண்டிய 3 சென்டிமீட்டர் படலத்துக்குக் காட்டில் கால் மில்லிமீட்டர்கூடச் செலவாகாது. நீளத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், அகலத்துக்குக் கொடுங்கள்: 4 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஓரம் கிழிந்தாலும் 3 மிஞ்சும்.

பொருள் வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம். படலத்தைத் தாங்கும் சட்டம், மின்சுற்று, அளவீடு மூன்றையும் அந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள். சட்டத்துக்கு அரை நாள், சுற்றுக்கு ஒரு நாள், மைக்ரோஃபோன் ஏற்பாட்டுக்கு அரை நாள் போதும்.

3. மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். ஒரு வகைப் பல்சுவர் நானோகுழாயைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை '2பி' என்ற பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை வரிசையில், வைத்திருக்கிறது.

உலர்ந்த தூளைத் திறந்த அறையில் எடை போடாதீர்கள். தூளாக வாங்குவதைவிட ஏற்கெனவே நீரில் கலந்த கரைசலாக வாங்குவது மேல். காட்டை இழுப்பது, கிழிந்த படலத்தை அகற்றுவது எல்லாம் வடிகட்டியுள்ள அடைப்புக்குள் நடக்கட்டும். பி100 வகை முகமூடி, இரட்டை நைட்ரைல் கையுறை. மேசையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டு மூடி, மேலே பெயர் எழுதி வையுங்கள். வீட்டு வேக்யூம் கிளீனர் நுண்துகளைப் பிடிக்காது, அறை முழுவதும் ஊதிவிடும்.

இன்னொன்று: சுத்திகரிக்காத, பஞ்சு போன்ற ஒற்றைச்சுவர் நானோகுழாயில் கேமரா ஃபிளாஷ் பட்டால் தீப்பற்றும். இரும்பு வினையூக்கி மிச்சம் இருக்கும் தூளில் இது நடக்கிறது. படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

4. மின்தடைக் கணக்கை முதலில் போடுங்கள்

இழுத்த ஒற்றைப் படலம் சதுரத்துக்கு 700 முதல் 1000 ஓம். 3 சென்டிமீட்டர் சதுரத்தின் இரு ஓரங்களில் மட்டும் மின்முனை வைத்தால் 1000 ஓம் வரும். 1 வாட் செலுத்த 32 வோல்ட் தேவை. சாதாரண ஆம்ப்ளிஃபயர் 4 அல்லது 8 ஓமுக்காகச் செய்தது. அதனிடம் அவ்வளவு வோல்ட் இருக்காது. அடுக்கைக் கூட்டி மின்தடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் எடை கூடும். அது தவறான வழி.

சரியான வழி, இடையிடையே கம்பி வைப்பது. சதுரத்தை நான்கு பத்திகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒரு கம்பியை நேர்முனைக்கும் மற்றவற்றை எதிர்முனைக்கும் இணையுங்கள். ஒவ்வொரு பத்தியும் கால் சதுரம், அதாவது 250 ஓம். நான்கும் இணையாகச் சேர்ந்தால் 62 ஓம். பத்திகளின் எண்ணிக்கை இரட்டித்தால் மின்தடை நாலில் ஒன்றாகும். 8 ஓம் வேண்டுமானால் பதினொரு பத்தி வேண்டும். அத்தனை கம்பிகளும் படலத்தின் சூட்டை உறிஞ்சும் என்பதால் நான் நான்கோடு நிறுத்துவேன்.

5. சட்டம்

1.6 மில்லிமீட்டர் கண்ணாடி இழை சர்க்யூட் போர்டில் 34 மில்லிமீட்டர் சதுரச் சன்னல் வெட்டுங்கள். அதன் குறுக்கே 0.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிகள் ஐந்தை, மையத்துக்கு மையம் 7.5 மில்லிமீட்டர் இடைவெளியில், விறைப்பாக இழுத்து இரு முனையிலும் சால்டர் செய்யுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் கம்பிகள் ஒரு முனை. இரண்டும் நான்கும் மறுமுனை.

சால்டர் முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பிசினைத் துடைத்துவிடுங்கள். பிசின் இருக்கும் இடத்தில் படலம் உலோகத்தைத் தொடாது. ஐந்து கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் தகட்டை மேலே வைத்துப் பாருங்கள். தாழ்ந்த கம்பியைப் படலம் தொடாது. அதை ஒட்டிய பத்திகளும் வேலை செய்யாது.

படலத்துக்குப் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும்? காற்றில் சூடு ஒரு அலைக்குள் எட்டும் தூரம் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 26 மைக்ரான், 1 கிலோஹெர்ட்ஸில் 84, நூறு ஹெர்ட்ஸில் 265. இந்தத் தூரத்துக்குள் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் சூடு அதற்குள் போய்விடும். 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே வெப்பக் கணக்குக்குப் போதும், ஆனால் காற்றோட்டத்துக்காகச் சட்டத்தை மேசையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயர்த்தி நிறுத்துங்கள்.

பின்புறத்தைப் பெட்டியால் மூடத் தேவையில்லை. கூம்பு ஸ்பீக்கரில் முன்பக்கம் அழுத்தும்போது பின்பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அதற்காகத்தான் அதற்குப் பெட்டி. இங்கே இரு பக்கமும் ஒரே நேரத்தில் விரிகின்றன, அழிப்பதற்கு எதுவும் இல்லை. பெட்டி வைத்தால் சூடுதான் சேரும்.

6. படலத்தை இழுத்து ஏற்றுவது

மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வேகமாக நடந்தாலே படலம் கிழியும்.

காடு இருக்கும் தகட்டை மேசையில் ஒட்டி நிறுத்துங்கள். புதிய சவர பிளேடின் விளிம்பைக் காட்டின் ஓரத்தில் பக்கவாட்டாக வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்தால், குழாய்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி புகை போன்ற பட்டையாக எழும்பி வரும். வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகம் போதும். இழுக்கும் தளம் தகட்டின் தளத்தோடு ஒட்டியே இருக்கட்டும். மேலே தூக்கினால் பட்டை அறுந்துவிடும். ஓரங்களில் அகலம் குறுகிக்கொண்டே வந்தால் காட்டின் விளிம்பு சீராக இல்லை என்று பொருள். அந்த விளிம்பை ஒட்டுநாடாவால் ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சட்டத்தைக் கீழிருந்து மெல்ல உயர்த்திப் பட்டையைத் தொடவிடுங்கள். பட்டையைச் சட்டத்தின் மேல் இறக்கப் பார்த்தால் சுருங்கும். இழுத்த திசை கம்பிகளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். குழாய்களின் நீளவாக்கில்தான் மின்சாரம் எளிதாக ஓடும். குறுக்குவாக்கில் மின்தடை பல மடங்கு. 60 ஓமுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் வந்தால் பெரும்பாலும் படலத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்திருப்பீர்கள்.

படலம் கம்பியைத் தொட்டவுடன் தானாகவே ஒட்டும். தொடர்பை உறுதியாக்க, மெல்லிய தூரிகையால் கம்பியின் மேல் மட்டும் எத்தனால் தொட்டு வையுங்கள். எத்தனால் காயும்போது குழாய்களை உலோகத்தின் மேல் இழுத்து ஒட்டிவிடும். தொங்கும் பகுதியில் எத்தனால் பரவினால் படலம் கயிறுகளாகச் சுருங்கி ஓட்டை விழும், அதனால் சொட்டு விடாதீர்கள். பிறகு வெள்ளிப் பசையை மெல்லிய கோடாகக் கம்பி மேல் தடவி, உறையில் சொன்ன நேரம் உலரவிடுங்கள். நீர்த்துப்போன பசை படலத்துக்குள் ஊறி ஓடும். அந்த இடம் கனத்து ஊமையாகிவிடும். கெட்டியான பசையே நல்லது.

மல்டிமீட்டரில் 45 முதல் 65 ஓம் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 80, 120 என்று வந்தால் ஒன்றிரண்டு பத்திகள் தொடர்பில் இல்லை. எந்தக் கம்பி என்று அண்டைக் கம்பிகளுக்கிடையே அளந்து பாருங்கள்.

காடு கிடைக்காதவர்களுக்கு வடிகட்டும் வழி. மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம் நானோகுழாயும் நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டும் (ஒரு வகைச் சோப்பு) உள்ள கரைசலைப் பனிக்கட்டி நீரில் வைத்து அரை மணி நேரம் சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) கலக்கி, மையவிலக்கியில் சுற்றிக் கட்டிகளை ஒதுக்குங்கள். 47 மில்லிமீட்டர் செல்லுலோஸ் எஸ்டர் சவ்வில், துளை 0.2 மைக்ரான், வெற்றிடம் வைத்து வடிகட்டினால் படிவு சுமார் 40 மில்லிமீட்டர் வட்டமாக வரும். அதன் பரப்பு 12 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சதுர மீட்டருக்கு 0.1 கிராம் வேண்டுமானால் மொத்தம் 0.12 மில்லிகிராம், அதாவது 12 மில்லிலிட்டர் கரைசல் மட்டும். நிறைய ஊற்றினால் கருப்பாக, அழகாக வரும், ஒலிக்காது. சரியான படலத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும்.

பிறகு வெந்நீரால் நுரை முழுவதும் நிற்கும் வரை கழுவுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் எடையும் கூடும், மின்தடையும் கூடும், சூடானதும் நாற்றமும் வரும். சவ்வை அசிட்டோனில் கரைத்துப் படலத்தைப் பிரிக்கலாம். இந்த வட்டத்துக்குள் 3 சென்டிமீட்டர் சதுரம் அடங்காது; 2.5தான் கிடைக்கும். சட்டத்தை அதற்கேற்பச் சிறிதாக்குங்கள்.

7. மின்சுற்று: சார்பு மின்னழுத்தம் இல்லாமல் பாட்டு இல்லை

சுருதி தப்புவதற்கான காரணம் இங்கே. சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நேர்ப்பக்கம் ஏறினாலும் சூடு, எதிர்ப்பக்கம் இறங்கினாலும் சூடு. ஆக, ஒரு அலைக்கு இரண்டு சூடு. 500 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 1000 ஹெர்ட்ஸ் கேட்கும், மத்திய ஸ்தாயி சட்ஜமம் கொடுத்தால் மேல் ஸ்தாயி சட்ஜமம் வருவது போல. ஒற்றைச் சுரத்துக்கு அது பொறுக்கலாம். பாட்டில் பல சுரங்கள் ஒன்றாக வரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் எல்லாம் கிளம்பிக் குழம்பிவிடும்.

தீர்வு, நிலையான நேர்மின் அழுத்தம் ஒன்றின் மேல் சிக்னலை ஏற்றுவது. இதற்கென்று தனி மின்வழங்கியை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நேராக இணைத்துவிடாதீர்கள், ஆம்ப்ளிஃபயர் எரியும். எளிய வழி ஒன்று உண்டு. ஒற்றை 24 வோல்ட் மின்வழங்கியில் ஓடும் பவர் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் வெளியீடு, சிக்னல் இல்லாதபோது 12 வோல்ட்டில் நிற்கும். வழக்கமாக அதை மறைக்கப் பெரிய கெப்பாசிட்டர் வைப்பார்கள். அந்தக் கெப்பாசிட்டரை விட்டுவிட்டு, படலத்தை வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே நேராக இணைத்தால் 12 வோல்ட் சார்பு இலவசமாகக் கிடைக்கிறது.

சுற்றின் விவரம்: உள்ளீட்டை இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளால் பாதி அழுத்தத்தில் நிறுத்தி, நடுப்புள்ளியில் 100 மைக்ரோஃபாரட் வையுங்கள்; அங்கிருந்து உள்ளீட்டுக்கு இன்னொரு 100 கிலோஓம். சிக்னல் 10 மைக்ரோஃபாரட் வழியாக வரட்டும். பின்னூட்டத்துக்கு 10 கிலோஓம், தரைப்பக்கம் 2.7 கிலோஓமோடு தொடராக 10 மைக்ரோஃபாரட். பெருக்கம் 4.7 மடங்கு. இந்தக் கடைசிக் கெப்பாசிட்டரை மறந்தால் 12 வோல்ட்டும் பெருக்கப்பட்டு வெளியீடு உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். சில சில்லுகள் பத்து மடங்குக்குக் கீழே தாமாக அலையத் தொடங்கும்; தரவுத்தாளில் பார்த்து, தேவையானால் 2.7ஐ 1 கிலோஓமாக மாற்றி உள்ளீட்டைக் குறையுங்கள். சில்லில் 2.4 வாட் எப்போதும் சூடாக வெளியேறும் என்பதால் வெப்பச்சிறகு கட்டாயம்.

கடையில் கிடைக்கும் ஆம்ப்ளிஃபயர் பலகைகளைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பலவற்றில் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் உள்ளேயே இருக்கும், அல்லது நேர்மின் அழுத்தத்தைக் கண்டவுடன் துண்டிக்கும் ரிலே இருக்கும். இரண்டுமே சார்பைக் கொன்றுவிடும்.

சிக்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? இரண்டாம் சுரத்தின், அதாவது இரட்டை அதிர்வெண்ணின், கலப்பு, சூட்டுக் கணக்கில், சிக்னல் உச்சத்தைச் சார்பின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். ஆனால் ஒலியழுத்தம் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஏறுவதால் காதுக்கு அது இரட்டிப்பாகிறது. 12 வோல்ட் சார்பில் 4 வோல்ட் உச்சம் என்றால் கலப்பு 17 சதவீதம். 1.2 வோல்ட் என்றால் 5 சதவீதம், ஆனால் ஒலி 10 டெசிபெல் குறையும். பேச்சுக்கு முதலாவது, இசைக்கு இரண்டாவது. இரண்டும் வேண்டுமானால் கணினியில் சிக்னலின் வர்க்கமூலத்தை எடுத்து அனுப்பலாம். சவுண்ட் கார்டு நேர்மின் பகுதியை வெட்டிவிடும் என்பதை நினைவில் வைத்து, சார்புக்கும் சிக்னலுக்கும் உள்ள விகிதத்தை ஆம்ப்ளிஃபயரில் சரியாகத் திரும்ப அமைக்க வேண்டும்.

8. முதல் மின்சாரம்

மின்வழங்கியின் மின்னோட்ட வரம்பை 0.35 ஆம்பியரில் வையுங்கள், 0.5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். நானோகுழாய்ப் படலம் சூடாகும்போது மின்தடை சற்றுக் குறையும். அழுத்தம் மாறாமல் இருந்தால் மின்னோட்டம் கூடி, மேலும் சூடாகும். வரம்பு வைப்பது அதற்காக.

மின்வழங்கியை 6 வோல்ட்டில் வைத்துத் தொடங்குங்கள், அதில் பாதிதான் படலத்துக்குப் போகும், 0.15 வாட் மட்டுமே. அறையை இருட்டாக்கிவிட்டு 12, 18, 24 என்று ஏற்றுங்கள். 24இல் படலம் 2.4 வாட் வாங்கும், சராசரி வெப்பம் அறையைவிட எழுபது எண்பது டிகிரி உயரும். எங்கும் ஒளிரக் கூடாது. கம்பியை ஒட்டிச் சிவப்புக் கோடு தெரிந்தால் அங்கே தொடர்பு மோசம். உடனே அணைத்துப் பசையைச் சரிசெய்யுங்கள். நடுவில் புள்ளி ஒளிர்ந்தால் படலம் அங்கே கிழிந்து மின்சாரம் நெரிகிறது. வேறு படலம் ஏற்ற வேண்டியதுதான். காற்றில் 400 டிகிரிக்கு மேல் போனால் கார்பன் எரியத் தொடங்கும்.

அகச்சிவப்பு வெப்பமானியை நம்பாதீர்கள். ஒற்றைப் படலத்தின் ஊடாக அகச்சிவப்பும் கடந்து போகும். கருவி காட்டுவதில் பின்னாலிருக்கும் சுவரின் வெப்பமும் கலந்திருக்கும்.

9. கேட்பது சூட்டின் ஒலிதானா என்று நிரூபியுங்கள்

தளர்ந்த கம்பியும் பாடும், மின்வழங்கியின் சுருளும் பாடும். படலத்தோடு தொடராக 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும், அதைக் குறுக்கிட ஒரு சுவிட்சையும் வையுங்கள். சுவிட்ச் திறந்திருந்தால் சார்பு இல்லை. 1 கிலோஹெர்ட்ஸைப் 10 வோல்ட் உச்சத்தில் கொடுங்கள். 2 கிலோஹெர்ட்ஸ் கேட்க வேண்டும். மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டரை ஒரு மின்தடையால் காலிசெய்து, சுவிட்சை மூடி, சிக்னலை 4 வோல்ட்டுக்கு இறக்கி மறுபடி போடுங்கள். இப்போது 1 கிலோஹெர்ட்ஸ் ஓங்க வேண்டும். மின்சாரத்தை அணைக்காமல் சுவிட்சை மூடினால் கெப்பாசிட்டர் பொறியோடு காலியாகும், சுவிட்சின் முனை கருகும்.

சார்பே இல்லாதபோதும் 1 கிலோஹெர்ட்ஸ்தான் ஓங்குகிறது என்றால் அது சூட்டின் ஒலி அல்ல. படலத்தைக் கழற்றி அதே இடத்தில் 62 ஓம், 5 வாட் மின்தடையை வையுங்கள். அப்போதும் கேட்டால் சுற்றில் தேடுங்கள். காதுக்குக் கேட்காமல் மைக்ரோஃபோன் மட்டும் காட்டினால் வயரின் மின்புலம் மைக்ரோஃபோனுக்குள் கசிகிறது. வயரை முறுக்கி, மைக்ரோஃபோனின் உறையைத் தரையோடு இணையுங்கள்.

10. எவ்வளவு ஒலி எதிர்பார்க்கலாம்

இலேசான படலத்துக்குக் கணக்கு எளிது. ஒலியழுத்தம் பாஸ்கலில் = அதிர்வெண் × அலையும் வெப்பத்திறன் ÷ (இரண்டு × காற்றின் வெப்பக் கொள்திறன் × கெல்வின் வெப்பநிலை × தூரம்). அறை வெப்பநிலையில் தூரத்தைத் தவிர்த்த பகுதியின் பெருக்கம் ஏறத்தாழ 6 இலட்சம். நம் 4 வோல்ட் சிக்னலுக்கு அலையும் திறன் 1.13 வாட், 5 சென்டிமீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸுக்கு 65 டெசிபெல், 5 கிலோஹெர்ட்ஸுக்கு 79, இருநூறு ஹெர்ட்ஸுக்கு 51. கம்பிகள் உறிஞ்சும் சூட்டினால் உண்மையில் சில டெசிபெல் குறைவாக வரும். பத்துக்கு மேல் குறைந்தால் எடையிலோ தொடர்பிலோ பிழை.

அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் ஏற வேண்டும். 3 டெசிபெல் மட்டும் ஏறினால் படலம் கனம். மின்சுற்றைக் குறைசொல்லும் முன் இந்தச் சரிவை வரைந்து பாருங்கள். ஒரு மணி நேர வேலை, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கீழ்ச்சுரம் கேட்கவில்லையே என்று அங்கே சிக்னலைக் கூட்டாதீர்கள், கலப்பு ஏறும். மேல் அதிர்வெண்களைக் குறையுங்கள். 1 வாட் வெப்பம் 1 கிலோஹெர்ட்ஸில் ஒலியாக மாறுவது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. இது அறையை நிரப்பும் கருவி அல்ல. காதருகே வைக்கவும், மீயொலிக்கும், வளைந்த பரப்பில் ஒட்டவும், காந்தம் ஆகாத இடத்தில் பயன்படுத்தவும் பொருந்தும்.

11. மூடி வைப்பது

முடிந்த ஒலிப்பானின் இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் தள்ளி, பெரிய கண் உள்ள உலோக வலை போட்டு, வலையைத் தரையோடு இணையுங்கள். விரலும் தூசியும் தடுக்கப்படும், ஒலி தடைபடாது. நெருக்கமான துணி வலை காற்றோட்டத்தைக் குறைத்துச் சூட்டை ஏற்றும். பயன்படுத்தாதபோது உலர்ந்த மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் மின்தடை நகரும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் மின்தடையை அளந்து, தேதியோடும் காட்டின் தொகுதி எண்ணோடும் குறித்துவையுங்கள். முதல் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தால் ஒரு பத்தி போய்விட்டது. மிச்சப் பத்திகளும் போகும் முன் அணைத்துப் புதுப் படலம் ஏற்றுங்கள். பழையதை எத்தனால் தொட்டுச் சுருக்கி, ஈரத்தோடே துடைத்தெடுத்து, பெயர் எழுதிய உறையில் போடுங்கள்.